நிலத்தைச் சும்மா போடப் பணம் கொடுத்தால் டெல்டா தேறுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். அமெரிக்காவில் அரசே விவசாயிக்கு வாடகை கொடுத்து, பத்துப் பதினைந்து வருஷம் நிலத்தில் பயிர் வைக்காமல் இருக்கச் சொல்கிறது. மண்ணும் தண்ணீரும் தேறுகின்றன. அதையே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையில் செய்தால் என்ன? இது மேலே தெரிகிற கேள்வி. ஆனால் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். பாபநாசம் பக்கம் ஐந்து ஏக்கர், அப்பா கோடைக்குக் கோடை போர்வெல்லில் குழாயை இன்னும் கீழே இறக்குகிறார், "ஒரு குறுவையை விடுங்களேன் என்றால், நீ மாசாமாசம் பணம் அனுப்புவியா என்கிறார்" என்று. (குறுவை என்பது கோடை முடிகிற சமயத்தில் வைக்கிற குறுகிய கால நெல் போகம்.) உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. நிலத்தை ஆறப்போடுவது நல்லதா என்பது ஒன்று. ஆறப்போடுகிற காலத்துக்கு யாருக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். வேளாண்மைப் பொறியியல் துறையில் பெரும்பாலும் காவிரிப் பாசனப் பகுதியிலும், நடுவில் சில வருஷம் நீலகிரியில் மண் காப்பு வேலையிலும் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டாவது பாதி பொருளாதாரம், பாதி அரசியல். அதில் நான் சொல்வதை ஒரு பொறியாளனின் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அமெரிக்கக் கதையை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வடிவத்தில் பாதியைக் காணோம். 1930-களில் அங்கே நடுச் சமவெளியில் புல்வெளியை உழுது கோதுமை போட்டார்கள். மழை பொய்த்த வருஷங்களில் மேல்மண் புழுதியாகப் பறந்தது. அந்த அனுபவத்தில்தான் 1935-ல் மண் காப்புக்கென்றே தனித் துறை வந்தது. 1956-ல் மண் வங்கி என்று ஒரு திட்டம் போட்டு நிலத்தை ஆறப்போடப் பணம் கொடுத்தார்கள். நீங்கள் சொல்கிற திட்டம் 1985-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்தது. அப்போது அங்கே கிடங்குகளில் தானியம் வழிந்தது, விலை விழுந்து கிடந்தது. மண்ணைக் காப்பதோடு விளைச்சலைக் குறைப்பதும் அவர்கள் நோக்கமாக இருந்தது. இதை மறந்துவிட்டால் மற்றது எல்லாம் தப்பாகப் புரியும்.

அப்புறம், எந்த நிலத்தையும் அவர்கள் எடுப்பதில்லை. சரிவாக இருக்கிற, காற்றிலும் மழையிலும் சுலபமாக அரித்துப்போகிற நிலத்துக்கும் ஓடை ஓரத்து நிலத்துக்கும்தான் முன்னுரிமை. விவசாயி என்ன வாடகைக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மண் அரிப்பு எவ்வளவு குறையும், தண்ணீர் எவ்வளவு சுத்தமாகும், பறவை விலங்குக்கு என்ன பயன், அரசுக்குச் செலவு என்ன என்று மதிப்பெண் போட்டுப் பொறுக்கி எடுக்கிறார்கள். பத்து முதல் பதினைந்து வருஷ ஒப்பந்தம், வருஷா வருஷம் வாடகை, புல்லோ மரமோ வைக்கிற செலவில் பாதி வரை மானியம். முக்கியமாக, நிலத்தை வெறுமனே போட விடுவதில்லை. புல் போர்வை இருந்தே ஆக வேண்டும். ஒரு மாவட்டத்தின் பயிர் நிலத்தில் கால் பங்குக்கு மேல் பொதுவாக எடுப்பதும் இல்லை, எடுத்தால் அந்த ஊரின் உரக்கடையும் டிராக்டர் பட்டறையும் மூடவேண்டி வரும் என்பதால்.

பலன் இருந்ததா? சரிவு நிலத்தில் மண் அரிப்பு குறைந்தது என்பதில் சந்தேகமில்லை. சந்தேகம் வேறு இரண்டு இடத்தில். 2007-ல் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் வரை திட்டத்தில் இருந்தது. அதற்கப்புறம் மக்காச்சோளம் விலை ஏறியதும், ஒப்பந்தம் முடிந்தவர்களில் நிறையப் பேர் மறுபடி உழுது விதைத்துவிட்டார்கள். ஆக, வாடகை நின்றால் பலனும் நிற்கும். இன்னொன்று, ஒரு பக்கம் நூறு ஏக்கரை ஆறப்போட்டால் மறுபக்கம் அதுவரை உழாத நிலத்தில் இருபது ஏக்கரை உழுதுவிடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கே தவறு என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அது இன்னும் தீராத வழக்கு. சீனாவில் 1998 யாங்சே வெள்ளத்துக்குப் பிறகு, 1999-ல் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கினார்கள். 25 டிகிரிக்கு மேல் சரிந்த மலைநிலத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்குப் பணத்தோடு தானியமும் அளந்தார்கள். அங்கேயும் கேள்வி சரிவைப் பற்றியதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். டெல்டா தட்டை. வரப்பு கட்டிய வயலில் மழைத் தண்ணீர் ஓடி மண்ணை அள்ளிக்கொண்டு போகாது. உண்மையில் 1934-ல் மேட்டூர் கட்டியதிலிருந்து, வருகிற வண்டலே குறைந்துபோனது. ஆகவே மண் அரிப்புக்காக நிலத்தை ஓய்வுக்கு விடுவது என்கிற அமெரிக்கக் காரணம் இங்கே செல்லாது. காவிரிப் படுகையில் அந்தக் காரணம் அப்படியே பொருந்துகிற இடம் ஒன்று உண்டு, அது மலை. ஊட்டி, கேத்தி பக்கம் செங்குத்துச் சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். கிழங்கு எடுத்து மண் பொலபொலவென்று கிடக்கிற நேரத்தில் ஒரு மழை அடித்தால், ஓடையில் வருகிற தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். ஒரு பாட்டிலில் பிடித்து மேஜையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு படியும். அந்தச் சேறு பவானிக்கும், அங்கிருந்து பவானிசாகருக்கும் போகிறது. மலையில் மிகச் சரிவான தோட்டங்களை வாடகைக்கு எடுத்துப் புல்லும் சோலை மரமும் வைப்பதற்கு அரசு பணம் செலவழித்தால் அது நியாயமான செலவு என்பேன். டெல்டாக்காரர் பேரைச் சொல்லி, டெல்டாவுக்கு மேலே செய்ய வேண்டிய வேலை அது.

டெல்டாவுக்குள் ஒரே பதில் கிடையாது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடலோரக் கடைமடைக்கு ஒன்று, அது முதலில் பாய்கிற பழைய டெல்டாவின் தலைமடைக்கு ஒன்று. கல்லணைக் கால்வாய் பாய்கிற புது டெல்டா, அதாவது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, இதில் பெரிதாகச் சேராது. அங்கே பாதி நிலம் தென்னை. 2018 கஜா புயலில் விழுந்த தோப்பைத் திரும்ப வைத்தவர்களிடம் நிலத்தைச் சும்மா போடுங்கள் என்று பேச வாயும் வராது.

கடைமடையில் நிலத்தைச் சும்மா போடுவது மண்ணுக்குக் கெடுதல். இதை நான் உறுதியாகச் சொல்வேன். வேதாரண்யம், தலைஞாயிறு, கீழையூர் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே உப்புத் தண்ணீர். களிமண்ணில் மேலே ஈரம் காயக் காய, கீழே இருக்கிற உப்பு நீர் மண்துளைகள் வழியாக மேலே ஏறும். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலேயே தங்கும். பயிர் இல்லாமல், பச்சை இல்லாமல் ஒரு கோடையைக் கடந்த வயலை வைகாசியில் போய்ப் பாருங்கள். வெடிப்பின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். நடந்தால் செருப்புக்கு அடியில் மொறுமொறுவென்று நொறுங்கும். அந்த மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினால் மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு என்று காட்டுகிற அளவு) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டி வரும்; அது உவர் மண் என்று எழுதுகிற எல்லை. இந்த உப்பைக் கீழே தள்ளுகிறது எது? ஐப்பசி கார்த்திகை மழையும், சம்பாவுக்கு, அதாவது மழைக்கால நெல்லுக்கு, கட்டி நிற்கிற நல்ல தண்ணீரும்தான். 2004 சுனாமியில் நாகை மாவட்டக் கரையோர வயல்களில் கடல் ஏறியபோது, இனி பத்து வருஷம் புல் முளைக்காது என்றெல்லாம் பேசினார்கள். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்கி, வடிகாலைத் திறந்து வடித்து, ஜிப்சம் போட்டு, மண்ணுக்கு உரமாகிற பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயல்கள் சில பருவங்களிலேயே நெல்லுக்குத் திரும்பின. நிலத்தை அம்போவென்று விட்டிருந்தால் திரும்பியிருக்காது. அந்தக் கரையில் நெல் சாகுபடியே ஒரு மண் காப்பு வேலை.

கடைமடையில் விட்ட நிலத்துக்கு இன்னும் இரண்டு வாரிசு உண்டு. ஒன்று சீமைக்கருவேல். ஆடு தின்று போடுகிற விதையில் முதல் மழைக்கே முளைத்துவிடும், மூன்றாம் வருஷம் ஜேசிபி வைத்தால்தான் வேர் வரும். இன்னொன்று இறால் குட்டை. ஒருவர் உப்புத் தண்ணீரைக் கட்டினால் பக்கத்து வயல்காரர் நெல்லை மறக்க வேண்டியதுதான். இது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. 2020-ல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் எண்ணெய், எரிவாயு மாதிரித் தொழில்களைத் தடுக்கிறது. ஆனால் பயிர் ஏறாத நிலத்தை மனைக்கு வளைக்கிறவனிடம், இது பத்து வருஷமாகத் தரிசுதானே என்று சொல்ல நாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

சரி, உங்கள் பாபநாசத்துக்கு வருகிறேன். அங்கே விஷயம் வேறு. மண் வளமானது, அடியில் நல்ல தண்ணீர். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே, சித்திரை வைகாசியில் நாற்று விட்டுப் பம்புசெட் குறுவை போடுகிறீர்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் பல குறுவட்டங்கள் நிலத்தடி நீரை வரவுக்கு மேல் எடுக்கிற பட்டியலில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே குறுவையை விட்டால் தண்ணீர் மிச்சம் என்று நீங்கள் நினைத்தது சரி. எவ்வளவு மிச்சம் என்பதில்தான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று பாடத்தில் படிப்போம். ஏக்கருக்கு அது கிட்டத்தட்ட 48 லட்சம் லிட்டர். ஒரு லட்சம் ஏக்கர் குறுவையை விட்டால் 17 டிஎம்சி மிச்சம் என்று பேப்பரில் எழுதிவிடலாம், மேட்டூர் முழுக் கொள்ளளவே 93.47 டிஎம்சி என்பதால் கேட்கப் பிரமாதமாகவும் இருக்கும். ஆனால் நீங்கள் பம்பில் இறைக்கிற தண்ணீர் முழுவதும் ஆகாயத்துக்குப் போவதில்லை. பயிர் குடித்து வெளியே விடுவதும், வயலில் இருந்து ஆவியாவதும் சேர்த்து நூறு நாளில் 500, 600 மில்லிமீட்டர் இருக்கும். மீதி வயலிலேயே இறங்கி உங்கள் போருக்கோ பக்கத்து வயல் போருக்கோ திரும்பிப் போகிறது. ஆக, உண்மையான மிச்சம் பாதிதான், லட்சம் ஏக்கருக்கு எட்டு டிஎம்சி சுற்று. இதுவும் சின்னத் தொகை இல்லை.

இதிலேயே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரில் நடக்கிற குறுவை நிலத்தடி நீரைக் கூட்டுகிறது. வாய்க்கால் ஓடி, வயல் நிறைந்து நின்றால்தான் ஊர்க் கிணறு ஊறும். இது கும்பகோணம் பக்கத்து எந்த வயசானவரைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே மேட்டூர் ஜூன் 12-ல் திறந்த வருஷத்தில் ஆற்றுப்பாசனக் குறுவையை விடச் சொல்லிப் பணம் கொடுத்தால், காசையும் கொடுத்துக் கிணற்றையும் வற்றவைத்த கதையாகிவிடும். அணை திறக்காத வருஷத்தில் போரை மட்டும் நம்பி வைக்கிற குறுவைதான் தண்ணீரைத் தின்கிறது.

இத்தனையும் சேர்த்து என் பதில்: டெல்டாவில் விலைக்கு வாங்க வேண்டியது ஒரு போகத்தை. பத்து வருஷ ஒப்பந்தம் வேண்டாம். அதுவும் எல்லா வருஷமும் வேண்டாம். மேட்டூரில் 90 அடிக்கு மேல் இருந்தால்தான் ஜூன் 12 திறப்பு என்பது நெடுநாள் வழக்கம். மே மாதக் கடைசியிலேயே அணை எந்த நிலையில் இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். தெரிந்தவுடன், இந்த வருஷம் பம்புசெட் குறுவையை விடுகிறவர்களுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அறிவித்து, விட்ட வயலில் தக்கைப்பூண்டோ சணப்போ கட்டாயம் விதைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், தண்ணீரும் மிச்சம், மண்ணுக்கும் பசுந்தாள். ஒரு ஏக்கர் தக்கைப்பூண்டு 45, 50 நாளில் எட்டு டன் சுற்றுக்குப் பச்சை கொடுக்கும். கோடை மழை ஒன்றிரண்டு கிடைத்தால் அதற்குப் பம்பே தேவையில்லை. அமெரிக்காக்காரர் புல் போர்வை கேட்பதன் டெல்டா வடிவம் இதுதான். பூக்கிறதற்குள் மடக்கி உழுதால் சம்பாவுக்கு நேரமும் சரியாக இருக்கும்.

இன்று நடப்பது நேர்எதிர். 2024-ல் அணை ஜூனில் திறக்க வழியில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தது. ஆனால் அந்த ஜூனிலேயே 78.67 கோடி ரூபாய்க்குக் குறுவைச் சிறப்புத் தொகுப்பு அறிவித்து, இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் கொடுத்தார்கள், நிலத்தடி நீரை வைத்து நடுங்கள் என்று. பம்புக்கு மின்சாரம் இலவசம். விவசாயிக்கு அந்த நேரத்தில் அது பெரிய உதவி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் இல்லாத வருஷத்தில் தண்ணீரை இறைக்கத்தான் பணம் கொடுக்கிறோம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே 2024-25-ல் பசுந்தாள் விதைக்கு மானியம் கொடுத்து மண்வளத் திட்டம் ஒன்றும் வந்தது. இரண்டு கோப்பையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எவ்வளவு கொடுத்தால் விவசாயி சம்மதிப்பார்? ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) பன்னிரண்டு மூட்டை கண்டால் ஏக்கருக்கு 36 மூட்டை. அறுபது கிலோ மூட்டைக்கு 21, 22 குவிண்டால். 2025-26 கொள்முதலில் மாநில ஊக்கத்தொகையோடு சாதாரண ரகம் குவிண்டால் 2,500, சன்னம் 2,545. ஆக 54,000 ரூபாய் சுற்று வரவு. உழவு, விதை, நடவு, உரம், களை, மருந்து, அறுப்பு வண்டி எல்லாம் போகக் கையில் நிற்பது இருபதாயிரம் என்று வையுங்கள். இது நல்ல வருஷத்துக் கணக்கு; புரட்டாசி மழையில் நெல் களத்தில் முளைத்தால் கணக்கே வேறு. ஹரியானாவில் 2020-ல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று கொடுக்கத் தொடங்கி, பிறகு நிலத்தைச் சும்மா போடுகிறவர்களையும் அதில் சேர்த்தார்கள். நம்மிடம் நல்ல வருஷத்தில் 7,000-க்கு ஒருவரும் அசைய மாட்டார். அணை காலியாக இருக்கிற வருஷத்தில், பத்து ஏக்கர் வைத்திருப்பவர் நாலு ஏக்கரையாவது விடுவார் என்பது என் ஊகம். பஞ்சாபில் 2018-ல் வேறு வழி பார்த்தார்கள்: ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் நாலு ரூபாய். எனக்கு அது இதைவிடப் பிடிக்கும், ஏனென்றால் நிலத்துக்குப் பதில் தண்ணீருக்கு விலை வைக்கிறது. ஆனால் அதற்கு மீட்டர் வேண்டும். விவசாய மின் இணைப்பில் மீட்டர் வைப்போம் என்று இங்கே பேச்செடுக்கிற மந்திரி அடுத்த தேர்தலில் நிற்க முடியாது.

பணம் எவ்வளவு என்பதைவிட யார் கைக்குப் போகும் என்பதுதான் எனக்குக் கவலை. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்களின் நிலம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். உழுகிறவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பேரில். குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. 1956-ம் வருஷத்து நியாயவாரச் சட்டம் எவ்வளவு வாரம், அதாவது குத்தகைப் பங்கு, என்று சொல்கிறது. ஆனாலும் பெரும்பாலான குத்தகை இன்றும் டீக்கடை பெஞ்சில் முடிகிற வாய்ப்பேச்சு, போகத்துக்கு இத்தனை மூட்டை என்று. எழுத்தில் கொடுத்தால் உரிமை போய்விடும் என்று நிலக்காரருக்குப் பயம், எழுத்தைக் கேட்டால் நிலமே போய்விடும் என்று குத்தகைக்காரருக்குப் பயம். 2019-ல் வந்த பிஎம் கிசான் ஆறாயிரம் ரூபாயில் என்ன நடந்ததோ அதுதான் இங்கேயும் நடக்கும்: பட்டாவில் பேர் இருக்கிறவருக்குப் பணம், வயலில் நிற்கிறவருக்கு ஒன்றுமில்லை. பிஎம் கிசானிலாவது நிலம் குத்தகைக்காரர் கையில் இருந்தது. நிலத்தைச் சும்மா போட்டால் பணம் என்றால், மடியில் விழுகிற காசை விட்டுவிட்டு எந்த நிலக்காரர் குத்தகைக்கு விடுவார்? அமெரிக்கச் சட்டத்திலேயே குத்தகைக்காரருக்கு நியாயமான பங்கு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே பங்கு கேட்க ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டுமே.

அதற்கும் கீழே ஒருவர் இருக்கிறார். குறுவை நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள். நடவு இயந்திரமும் அறுப்பு வண்டியும் வந்து அவர்கள் வேலை நாள் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. ஒரு போகம் நின்றால், ஏக்கர் வைத்திருப்பவருக்கு இழப்பீடு உண்டு, இவர்களுக்கு ஆனியிலும் ஆடியிலும் அடுப்பு எரியாது. அந்த மாதங்களில் அரசின் ஊரக வேலைத் திட்டத்தை வாய்க்கால் தூர்வாரலுக்குத் திருப்பிக் கூடுதல் நாள் கொடுப்பது ஒரு வழி. அது இல்லாமல் போகத்தை விலைக்கு வாங்குகிற திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

காவிரி வழக்குப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இதை எந்த விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் பேசினாலும் முதல் எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும். 2007-ல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் 14.75-ஐக் குறைத்தது. அந்தக் குறைப்பில் 10 டிஎம்சி, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறதே என்ற காரணத்தால் போனது. கீழே இருக்கிற தண்ணீரை நம் பங்கில் கழித்துவிட்டார்கள். இந்த நிலைமையில் குறுவைப் பரப்பை நாமே குறைத்து அரசாணை போட்டால், பக்கத்து மாநிலத்து வக்கீல் அதைச் சும்மா விடுவாரா என்று கேட்பார்கள். சட்டம் என் துறை இல்லை. ஆனால் பயம் வெறும் பயம் இல்லை என்பது மட்டும் தெரியும். ஆகவே எந்தத் திட்டமானாலும் ஆற்றுப்பாசனக் குறுவையைத் தொடாமல், அணை திறக்காத வருஷத்துப் பம்பு நீருக்கு மட்டும் என்று தெளிவாக எழுத வேண்டும். நிலத்தடி நீரைத்தான் காக்கிறோம் என்பது பதிவில் இருந்தால் அது நமக்குப் பலமாகவே இருக்கலாம்.

இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. உங்கள் பக்கத்தில் ஆற்றோர மணலில் முப்பது நாற்பது அடியில் இருக்கிற தண்ணீர் ஒரு நல்ல ஐப்பசி மழைக்கே ஏறிவிடும். ஒரு குறுவையை விட்டதன் பலன் அங்கே அந்த வருஷத்தோடு கரைந்துவிடலாம். முன்னூறு அடிக்குக் கீழே இறக்கிய போர்களில் வருகிறது பழைய தண்ணீர், அது திரும்புவது மெதுவாகத்தான். அப்பாவின் குழாய் இப்போது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். போர் போட்டவரிடம் எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல் என்ற விவரம் இருக்கும், கேட்டு வாங்கி வையுங்கள்.

திட்டம் வருகிறதோ இல்லையோ, வருகிற கோடையில் அப்பாவிடம் ஐந்து ஏக்கரையும் விடச் சொல்லாதீர்கள். இரண்டு ஏக்கரை விடச் சொல்லுங்கள், அதுவும் மேட்டூர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு. முதல் கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு இருபது கிலோ தக்கைப்பூண்டு விதைக்கட்டும். விதை மானியத்தில் இருக்கிறதா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் சித்திரையிலேயே கேட்டு வைத்தால்தான் கிடைக்கும். விஏஓ-விடம் சொல்லி அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பசுந்தாள் பயிர் என்று ஏற்றச் சொல்லுங்கள். இப்போது டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களும் அதையே பதிய வேண்டும். வெறும் தரிசு என்று ஏறினால் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும்போது வீண் பேச்சு வரும். அந்த இரண்டு ஏக்கரிலும் சம்பாவுக்கு அடியுரத்தில் யூரியாவைக் குறைத்துப் பார்க்கலாம், தை அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உளுந்தும் தெளிக்கலாம். மீதி மூன்று ஏக்கர் குறுவையில் கட்டுத் தண்ணீர் நிறுத்தாமல், வயலில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரிகிறபோது மட்டும் பாய்ச்சச் சொல்லுங்கள். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிட வேண்டாம். வருஷக் கடைசியில் இரண்டு பக்கத்து வரவு செலவையும் ஒரே நோட்டில் எழுதி அவரிடமே காட்டுங்கள். எவ்வளவு கொடுத்தால் குறுவையை விடுவேன் என்ற தொகையை அப்போது அவரே சொல்வார்.